உத்தரவில் பெயர் உள்ளவர்

வீட்டைக் காலி செய்யச் சொல்லி கோர்ட் உத்தரவு போட்டால், அன்று சாயங்காலமே சாவி தன் கையில் வந்து விழும் என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். குடியிருப்பவரோ, இதுவும் ஒரு காகிதம் என்று மடித்து அலமாரியில் செருகிவிடுகிறார். இரண்டு பேர் நினைப்பதும் தப்பு. உத்தரவு என்பது நடக்கத் தெரியாத கைக்குழந்தை. யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். அப்படி இடுப்பில் வைத்துக்கொண்டு அலைகிற ஆயா நான்தான். கோர்ட்டில் என் உத்தியோகத்துக்குப் பெயர் அமீனா. வீட்டில் என் மனைவி எனக்கு வைத்திருக்கும் பெயர்கள் அச்சில் ஏறாதவை.

ஒரு தெருவுக்குள் நுழைந்து நான் சைக்கிளை நிறுத்தினால், யார் வீட்டுக்கு எதிரே நிறுத்துகிறேன் என்று பார்க்க நாலைந்து ஜன்னல்கள் திறக்கும். அந்த ஒரு வீட்டு ஜன்னல் மட்டும் மூடும். என் முகமே ஒரு நோட்டீஸ் என்பாள் மனைவி. பெண் பார்க்கப் போனபோதுகூட மாமனார் என்னைப் பார்த்ததும் வீட்டுப் பத்திரம் பத்திரமாக இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

என் வேலைக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வீட்டுக்காரர் தானே போய்ப் பூட்டை உடைக்கவோ, கரண்ட்டைப் பிடுங்கவோ கூடாது. உத்தரவை நிறைவேற்றிக் கொடுங்கள் என்று மறுபடி கோர்ட்டில் மனுப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் நான் கிளம்புவேன், அதுவும் வெளிச்சம் இருக்கும்போது மட்டும். எனக்குக் கண் உண்டு, காது உண்டு, கருத்து கிடையாது. கண்ணால் கண்டதையும், வழக்கில் உள்ளவர்களோ அவர்கள் வீட்டாரோ என்னிடம் வாய்விட்டுச் சொன்னதையும் மட்டும்தான் நான் எழுதித் தரலாம். பக்கத்து வீட்டார் சொன்னது, டீக்கடையில் காதில் விழுந்தது, எனக்குத் தோன்றியது எதுவும் செல்லாது.

இதை ஏன் இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நடந்ததெல்லாம் இந்தக் கட்டுப்பாட்டால்தான் நடந்தது. இல்லாவிட்டால் வாசலிலிருந்தே திரும்பியிருப்பேன்.

அந்த வழக்கு கோர்ட்டில் கொஞ்சம் பிரபலம். வீட்டுக்காரர் ஒரு தையல்காரர். குடியிருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். வராந்தா பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டு தங்கள் பெயரைக் கூப்பிடும் வரை காத்திருப்பார்கள். "வாதி யாருப்பா?" என்று நீதிபதி கேட்டபோது, கண்டக்டர்தான் எழுந்து பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "இவர்தாங்க. காது கொஞ்சம் மந்தம், சத்தமாக் கேளுங்க" என்றார். தையல்காரருடைய வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

தையல்காரரின் மகள் புருஷன் வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்துவிட்டாள். அதுதான் வழக்குக்குக் காரணம். அவருக்குத் தையல் கடைக்குப் பின்னால் இருந்தது ஒரே அறை. பிள்ளைகள் மிஷினுக்கு அடியில் படுத்தன. காலையில் எழுந்தால் தலைமுடியில் நூல் சிக்கியிருக்கும். "மாப்ளே, வீட்டை விட்டுக் குடேன்" என்று அவர் கேட்டார். "இதே தெருவுல இதே மாதிரி வீடு பாத்துக் குடு, நாளைக்கே போறேன்" என்றார் கண்டக்டர். அந்தத் தெருவில் வீடு கிடைக்கவில்லை. பேச்சு வளர்ந்தது. "சட்டம் போன்னு சொன்னா போறேன். நீ சொல்லி நான் போறதா?" என்று கண்டக்டர் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். சிநேகிதர்களுக்குள் வருகிற வீறாப்புக்கு மருந்து கிடையாது. இரண்டு பேரும் ஆளுக்கொரு வக்கீலைப் பிடித்தார்கள்.

கடைசியில் காலி செய்யச் சொல்லி உத்தரவாயிற்று. அதில் இருந்தது ஒரே ஒரு பெயர், கண்டக்டருடையது. அவர் காலி செய்யவில்லை. சில மாதங்கள் போனபின் அதை நிறைவேற்றும்படி ஒரு காகிதம் என் கைக்கு வந்தது.

ஒரு காலை வேளையில், கதவைத் திறக்காவிட்டால் பூட்டைத் திறக்க ஒரு பூட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எனக்குப் பழக்கம். சாதாரணமாக வழி நெடுக வளவளவென்று பேசிக்கொண்டு வருவார். அன்றைக்கு அந்தத் தெருமுனை திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார். பல்வலியாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு வேன் நின்றது. அதன் நிழலில் சாமான் தூக்க வந்த இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர். மற்ற வீட்டுக்காரர்கள் எனக்கு முன்னால் பாய்ந்து வாசற்படி ஏறுவார்கள். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்துவேன். இவர் தெருவைத் தாண்டவே இல்லை.

"வாங்க, போகலாம்" என்றேன்.

"நான் இங்கயே நிக்கிறேன் சார். நீங்க போய்ப் பேசுங்க."

"உங்க வீடுங்க."

"ஆமா சார். தூரத்துலருந்து பாத்தாத்தான் நல்லா இருக்கு" என்றார். சிரிக்கவில்லை.

கதவு தாளிடாமல் சும்மா சாத்தியிருந்தது. தட்டினேன். கண்டக்டரின் மனைவி திறந்தார். கையில் ஈரத்துணி. உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண் அசந்தார்."

"கோர்ட்லருந்து வர்றேன்மா."

"தெரியுது. சைக்கிள் நிறுத்தறதைப் பாத்தேன். உக்காருங்க. ரெண்டு பேருக்கும் டீ வைக்கவா?"

வீட்டைப் பிடுங்க வந்தவனுக்கு டீ. எனக்கு இது புதிது. என்மேல் வெந்நீரை ஊற்றப் பார்த்தவர்கள் உண்டு, அதில் தேயிலை போட்டுத் தந்தவர்கள் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "நான் அவரை நேரில் பாக்கணும்மா. உத்தரவை அவர்கிட்டதான் படிக்கணும்" என்றேன்.

"எழுப்பினா நாள் முழுக்கச் சிடுசிடுன்னு இருப்பார். கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தேன். துடைத்துத் துடைத்து ஓரம் தேய்ந்த மேஜை, ஒரு இரும்பு அலமாரி, மெல்லச் சுற்றும் மின்விசிறி. பூட்டுக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன் பையை மார்போடு கட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளறையிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. விரல் மடக்கிச் சுவரில் தட்டினால் வருகிற சத்தம்.

"பாருங்க, எழுந்துட்டார்" என்றார் அந்த அம்மாள். "ஒண்ணு தட்டினா நில்லுன்னு அர்த்தம், ரெண்டு தட்டினா போகலாம்னு. பஸ்ஸைத் தட்டித் தட்டிப் பழகின கை. வாயைத் திறந்து கூப்பிட்டா என்ன குறைஞ்சா போயிடும்?"

ஒரு டம்ளரில் வெந்நீர் ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் பேசுவது கேட்டது. "கோர்ட்ல இருந்துதான்... ஆமா... எனக்கு என்ன தெரியும், நீங்களே கேளுங்க... சரி, சரி, கத்தாதீங்க." யாரும் கத்தியதாக எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் 'டக் டக்.'

வெளியே வந்தார். "வரச் சொல்றார்."

காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலின்மேல் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. தலையணை நடுவில் ஒரு தலையளவு குழிவு. ஆணியில் ஒரு காக்கிச் சட்டை. முக்காலியில் மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் ஆவி பறக்கும் டம்ளர். வலி மருந்து வாசனை. ஜன்னல் வழியே வெயில் கட்டில் முழுக்க விழுந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு எறும்பு இருந்தால்கூடத் தெரியும். கட்டிலில் யாரும் இல்லை.

பயம் வந்தால் நான் ஜோக் அடிப்பேன். அது என் சுபாவம். அன்றைக்கு வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

"படிங்க சார்" என்றார் அந்த அம்மாள், எனக்குப் பின்னால் நின்றபடி. "காத்துட்டிருக்கார் இல்ல?"

ஏன் படித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாட்டுக்கு வீட்டு வழி பழகுகிற மாதிரி என் வாய்க்கு அந்த வாசகம் பழகியிருந்தது. கண்டக்டரின் பெயரை உரக்கச் சொன்னேன். 'மேற்படியார் மேற்படி வீட்டைக் காலி செய்து' என்கிற இடத்துக்கு வந்தபோது, கட்டிலை ஒட்டிய சுவரில் 'டக்' என்று கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்த சுவர். அதில் ஒரே இடத்தில் தட்டித் தட்டி, ஒரு நாணயத்தின் அகலத்துக்குச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அந்த இடத்திலிருந்து பொடி கொஞ்சம் வெயிலில் மிதந்து இறங்கியது.

ஒரு தட்டு. நில் என்று அர்த்தம். நின்றேன்.

பூட்டுக்காரர் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். "சார், வெளிய வாங்க. வாங்க சார்."

வாசலுக்கு வெளியே வந்ததும் அவர் மூச்சு வாங்கினார். "சார், கண்டக்டர் போய்ச் சேந்து ரெண்டு மாசம் ஆச்சு. நானே கடையைச் சாத்திட்டு வந்தேன். அவரைத் தூக்கிட்டுப் போறப்ப பின்னால நடந்தேன்."

"இதை ஏன்யா முன்னாடியே சொல்லலை?"

"நீங்க தெரிஞ்சுதான் வர்றீங்கன்னு நினைச்சேன். கோர்ட்டுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கும்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"அப்போ தட்டினது யாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தோம். அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் ஒரு சாக்கடை, அதற்கப்பால் வெறும் மனை. மனிதன் நிற்க இடம் இல்லை. பூட்டுக்காரர் சுவரில் காதை வைத்துக் கேட்கப் போனார், பாதி வழியில் மனம் மாறித் திரும்பினார்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்றால், செத்தவரை வீட்டைவிட்டு வெளியேற்றச் சொல்லும் காகிதத்தை நான் நிறைவேற்ற முடியாது. திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். தையல்காரர் மறுபடி கோர்ட்டுக்குப் போய், அந்த அம்மாளை வழக்கில் சேர்த்து, அவர் பெயரில் புதுக் காகிதம் வாங்கி வர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த அம்மாளை யாரும் அசைக்க முடியாது. ஆனால் இறந்துவிட்டார் என்று என்னிடம் சொல்ல வேண்டியது பூட்டுக்காரர் அல்ல. வீட்டுக்காரர் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த அம்மாள் சொல்ல வேண்டும்.

தெருவைத் தாண்டித் தையல்காரரிடம் போனேன். சத்தமாகக் கேட்டேன். "கண்டக்டர் எப்படி இருக்கார்?"

அவர் அளவு நாடாவை விரலில் சுற்றினார். "இருக்கார்."

"எங்கே இருக்கார்?"

"உள்ளதான் இருப்பார். வேற எங்க போவார்?"

"ரெண்டு மாசமா நீங்க அவரைப் பாத்தீங்களா?"

"வக்கீல் ஒரு வார்த்தையை மட்டும் வாயிலேயே எடுக்காதேன்னு சொல்லியிருக்கார் சார்."

"எந்த வார்த்தையை?"

"அதைத்தான் எடுக்கக் கூடாதுன்னாரே" என்றார் பாவமாக. "அதைச் சொன்னா எல்லாம் முதல்லருந்தாம். பேத்தி நேத்து மிஷின் அடியில தூங்கி எந்திரிச்சு நெத்தியை இடிச்சுக்கிட்டா சார். இவ்ளோ பெருசா வீங்கியிருக்கு."

திரும்பி வந்தேன். அந்த அம்மாள் எங்கள் பேச்சைக் கேட்டபடி வாசற்படியில் நின்றிருந்தார். எனக்குக் கருத்து கிடையாது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு ஒன்று வந்து தொலைத்தது.

"அம்மா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். என் வேலைக்கு இது அடுக்காது. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா, இந்தக் காகிதத்தை மடிச்சுப் பையில வச்சிட்டுப் போயிடுவேன். நீங்க பாட்டுக்கு இங்கயே இருக்கலாம்."

"என்ன வார்த்தை?"

"உங்களுக்கே தெரியும்மா."

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னைக் கையைக் காட்டி அழைத்து, வாசலுக்கு வெளியே, தெருவரை கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கே சரியாகக் கேட்காத குரலில் பேசினார்.

"அதைச் சொன்னா வீடு இருக்கும் சார். அவர்?"

ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"தூக்கத்துல நடந்துது அது. ராத்திரி சீட்டாடிட்டு வந்து படுத்தார். காலையில வெந்நீர் எடுத்துட்டுப் போறேன்... அவருக்கு இன்னும் தெரியாது சார். யாரும் சொல்லலை. அழ வந்தவங்களைக்கூட வெளிய போய் அழுங்கன்னு நான்தான் அனுப்பிச்சேன். தெரிஞ்சா போயிடுவார். அவர் அப்படித்தான், கடைசி ஸ்டாப்பு வந்துதுன்னா ஒரு நிமிஷம் உள்ள இருக்க மாட்டார்."

"'அது நடந்தது'ன்னு நான் எழுத முடியாதும்மா. எதுன்னு கேப்பாங்க."

"அப்போ எழுதாதீங்க. சாமானை எடுக்கணும்னா எடுங்க. அந்த ஒரு அறையை மட்டும் கடைசியா எடுங்க."

இப்படியாக, ஒரு மனிதர் உயிரோடு இருப்பதாக எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் சாதித்தன. ஒருவருக்கு வீடு வேண்டும், மற்றவருக்கு அவர் வேண்டும். நடுவில் நான், கையில் அவர் பெயர் போட்ட காகிதத்தோடு. என் மனைவி பார்த்திருந்தால் உனக்கு நன்றாக வேண்டும் என்றிருப்பாள்.

வேறு வழியில்லை. சாமான் தூக்குகிறவர்களைக் கூப்பிட்டேன். முதலில் அலமாரியை அசைத்தார்கள்.

'டக்.'

"பின்னால யாருங்க?" என்று ஒருவர் கேட்டார். நான் இருமினேன். மறுபடி தூக்கினார்கள். டக். இறக்கி வைத்தார்கள், சத்தமில்லை. தூக்கினார்கள், டக். இன்னொருவர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், பல வருஷம் ஒத்திகை பார்த்தவர்கள்போல ஒரே நேரத்தில் வெளியே நடந்தார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு அரசு ஊழியன் ஓடக் கூடாத வேகம்.

அவர்கள் வருவதைப் பார்த்துத் தையல்காரர் கடைசியில் தெருவைத் தாண்டினார். "என்னாச்சு? ஏன் வந்துட்டீங்க?"

"உள்ள யாரோ தட்டறாங்க" என்றார் தூக்குகிறவர்.

"என்னது?"

"தட்டறாங்க!"

தையல்காரர் என்னைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன். உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தார்.

"அண்ணே, உள்ள வாங்க. இவ்ளோ நாள் ஏன் வரலை? சீட்டாட ஆளில்லைன்னு தினமும் என் உயிரை எடுக்கறார்."

"நான் வரலை தங்கச்சி. கடையில வேலை" என்றார் அவர், வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே.

"அதை அவர்கிட்டயே சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னா நம்ப மாட்டார்."

தையல்காரர் உள்ளே போனார், நானும் பூட்டுக்காரரும் பின்னால் போனோம். கூடத்தைத் தாண்டி உள்ளறை வாசலில் நின்றுகொண்டார். கட்டிலைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். டக் என்று கேட்டது. எனக்கும் பூட்டுக்காரருக்கும் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"காதுல விழலையா அண்ணே?" என்று அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து, சுண்ணாம்பு உதிர்ந்த அந்த இடத்தில் வைத்தார். "இங்க."

துணியைத் தடவியே தரம் சொல்கிற கை அது. சுவரில் விரித்து வைத்தபடி நின்றார். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். சத்தம் எனக்குக் கேட்பதற்கு முன்னால், அவர் தோள் துள்ளியதைப் பார்த்தேன்.

கையை எடுக்கவில்லை. உதடு கோணியது.

"டேய்" என்றார் சுவரைப் பார்த்து. "டேய் மாப்ளே."

டக்.

"என்னை ஏன்டா கூப்பிடறே? என்கிட்ட என்னடா இருக்கு?" காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "நீ செத்துட்டடா! நான்தானடா உன்னைத் தூக்கிட்டுப் போனேன்! முன்பக்கம், வலது தோள்ல. இன்னும் வலிக்குதுடா. ஒருத்தனும் உன்கிட்ட சொல்லலையாடா? செத்துட்டடா நீ!"

அந்த அம்மாள் அவர் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் வந்த அமைதி இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? நான் எத்தனையோ வீடுகளைக் காலி செய்திருக்கிறேன். காலி வீட்டிலும் ஏதாவது சத்தம் இருக்கும், குழாய் சொட்டும், கதவு முனகும். இங்கே ஒரு வீடு மூச்சு விடுவதை நிறுத்தியதைக் கேட்டேன். தலையணையில் இருந்த குழிவு மெதுவாக, பஞ்சு தன்னால் எழும்புகிற மாதிரி எழுந்து சமமாயிற்று. அது பஞ்சின் குணமாகவும் இருக்கலாம். நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

தையல்காரர் கையை எடுத்தார். பிறகு திரும்ப வைத்தார். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்து சுவர்ப்பக்கம் குனிந்து, "என்னங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வெந்நீர் ஆறுது" என்றார். நாங்கள் எல்லோரும் நின்றோம். கோர்ட்டு அமீனா ஒருவன், பூட்டுத் திறக்கிறவர் ஒருவர், வழக்குப் போட்டவர் ஒருவர், எல்லோரும் ஒரு செத்த மனிதர் ஒரே ஒருமுறை தட்ட மாட்டாரா என்று காத்துக்கொண்டு நின்றோம்.

தட்டவில்லை.

"போயிட்டார்" என்றார் அந்த அம்மாள். கோபம் இல்லாத குரல். "நான் எவ்வளவு சொன்னாலும் காதுல வாங்க மாட்டார். உங்க பேச்சைத்தான் எப்பவும் கேப்பார் அண்ணே."

தையல்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார். வாய்விட்டுச் சொன்னவர் வழக்கில் உள்ளவர், நான் நேரில் கேட்டேன். வேலை முடிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: உத்தரவில் பெயர் உள்ளவர் இறந்துவிட்டதாக வாதியே சொன்னதால், இந்தக் காகிதம் இன்றைக்குச் செல்லாது. அம்மா இங்கேயே இருக்கலாம். வீட்டுக்காரர் விரும்பினால் மறுபடி மனுப் போட்டுக்கொள்ளலாம்.

"சரி சார்" என்றார் தையல்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அலமாரியை உள்ள தள்ளி வச்சிடச் சொல்லுங்க. தங்கச்சி இருக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"எதுக்கு?" என்றார் அந்த அம்மாள்.

கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு பெட்டியை இழுத்தார். பெட்டி கட்டித் தயாராக இருந்தது.

"அம்மா, போக வேண்டிய அவசியமே இல்லை" என்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் யாரிடமும் போகாதீர்கள் என்று சொன்னது அன்றைக்குத்தான். "சட்டம் உங்க பக்கம் இருக்கு."

"இருக்கட்டும் சார், நல்லா இருக்கட்டும். பிள்ளைங்க மிஷினுக்கு அடியில தூங்குதுன்னு எனக்குத் தெரியாதா? அவர் காரியம் முடிஞ்சதும் என் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்னு அன்னைக்கே பெட்டி கட்டிட்டேன். கதவுக்கிட்ட போனேன், உள்ளருந்து தட்டினார். மனுஷன் உள்ள இருக்கப்ப விட்டுட்டு எப்படிப் போறது, நீங்களே சொல்லுங்க?"

வாசலுக்குப் போய்த் தூக்குகிறவர்களைக் கையைக் காட்டி அழைத்தேன்.

தூக்குகிறவர்கள் திரும்பி வந்தார்கள். பயந்து பயந்து அலமாரியைத் தொட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்தது, தடுக்க யாரும் இல்லாத வேலை எப்போதும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பூட்டுக்காரர் கூலி வாங்காத கூலியாளாக மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அந்த அம்மாள் டம்ளரில் இருந்த நீரை ஜன்னல் வழியே ஊற்றிவிட்டு, டம்ளரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வேனில் ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தையல்காரர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நான் வேணும்னு சொல்லலை."

"தெரியும் அண்ணே. யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும். எனக்கு வாய் வரலை." பிறகு, "பேத்தி நெத்திக்கு ஈரத்துணி வச்சு ஒத்தி எடுக்கச் சொல்லுங்க" என்றார். வேன் கிளம்பியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக, கண்ணாடிக்கு முன்னால் வருகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனார்.

நான் கிளம்பியிருக்கலாம். காகிதம் செல்லாததாகிவிட்டது, அந்த வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் கொடுத்துவிட்டுப் போன சாவியோடு தையல்காரர் படியில் நின்று என்னைப் பார்த்தார்.

"சார், காலி வீட்டை ஒப்படைக்கறதுக்கு முன்னாடி நீங்கதான் உள்ள போய்ப் பாப்பீங்களாமே, யாராவது இருக்காங்களான்னு?"

"உத்தரவு செல்லும்போதுதான் அது. இப்போ தேவையில்லை."

"பரவாயில்லை. பாத்துடுங்க."

உள்ளே போனேன். கூடம், சமையலறை, பின்கட்டு. என் செருப்புச் சத்தம் எனக்கு முன்னால் போய் ஒவ்வொரு அறையிலும் காத்திருந்தது. கடைசியாக உள்ளறை. கட்டில் இருந்த இடத்தில் தரை வேறு நிறத்தில் இருந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டேன். வழக்கமாக ஒருமுறை கேட்டுவிட்டுத் திரும்புவேன். அன்று நின்றேன். சுவரைப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயமான பிறகு, விரலை மடக்கி, சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்து போயிருந்தது.

வெளியே வந்தேன்.

"யாராவது இருக்காங்களா சார்?" என்றார் தையல்காரர்.

"யாரும் இல்லை."

"சரியாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் சாவியை உள்ளங்கையில் உருட்டினார். படிக்கு மேலே அவர் கால் வரவில்லை.

"இன்னொரு தடவை பாருங்களேன் சார்."

நான் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, மறுபடி உள்ளே போனேன்.